புது வீட்டுக்குப் பழைய ஓட்டு வீட்டின் களை வருமா?

கேள்வி இதுதான்: சிங்கப்பூர் செங்காங்கில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மன்னார்குடிப் பக்கம் அப்பா காலத்து ஓட்டு வீடு கஜா புயலில் பாதி சரிந்தது, மிச்சத்தை நாங்களே இடித்துவிட்டோம். அதே மனையில் புதிதாக ஒரு வீடு கட்ட வேண்டும், ஆனால் பழைய பண்ணை வீட்டின் களை இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கொடுத்த வரைபடத்தில் 2,800 சதுர அடி, முன்னால் ஆறு செட்டிநாட்டுத் தூண், 12 அடி உயரக் கூரை, கண்ணாடி போட்டு மூடிய முற்றம், மாடியில் மூன்று அறை. இன்னும் எட்டு வருடம் சிங்கப்பூரில்தான் வேலை. வருடத்துக்கு மூன்று வாரம் ஊருக்குப் போவோம். இது சரியாக வருமா?

அந்த வரைபடத்தின்படி கட்டினால் வராது. வீடு பெரிதாக இருக்கும், படம் எடுத்தால் அழகாகவும் இருக்கும். ஆனால் வாசலில் வந்து நிற்பவருக்குச் சின்னக் கல்யாண மண்டபம் ஞாபகம்தான் வரும். உங்கள் அப்பாவின் வீடு ஞாபகம் வராது.

நான் சிங்கப்பூரில் இருபது வருடத்துக்கு மேல் கட்டுமான வேலையில் இருக்கிறேன். அதில் பாதிக் காலம் பழைய கடைவீடுகளைப் பழுது பார்த்த வேலை. பேராவூரணிக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு ஓட்டு வீடும் கட்டி, அதில் எல்லாத் தப்பும் செய்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

உயரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வீட்டின் களை முதலில் அங்கேதான் கெடுகிறது. வீவக வீட்டில் நம் தலைக்கு மேல் இருப்பது 2.6 மீட்டர், அதாவது எட்டரை அடி. வருடக்கணக்கில் அதற்குக் கீழேயே இருந்துவிட்டு ஊரில் கட்டப் போகும்போது எல்லாருக்கும் உயரத்தின் மேல் ஒரு வெறி வந்துவிடும். எனக்கும் வந்தது. சுவரைப் பதினோரு அடிக்கு ஏற்றினேன். பழைய வீட்டிலும் உயரம் உண்டு, ஆனால் அது நடுவில் இருந்தது, ஓரத்தில் இல்லை. உள்ளே நுழையும்போது குனிவோம், நடுக்கூடத்துக்கு வந்து நிமிர்ந்தால் முகடு எங்கோ மேலே இருக்கும். குனிந்து நிமிரும் அந்த ஒரு நொடியில்தான் இது பழைய வீடு என்று உடம்புக்குத் தெரிகிறது.

இதற்குக் கணக்கு மிகவும் எளிது. மங்களூர் ஓட்டுக் கூரைக்கு 30 பாகை சாய்வு நல்ல அளவு. அந்தச் சாய்வில் ஒரு அடி வெளியே போனால் கூரை ஏறக்குறைய ஏழு அங்குலம் இறங்கும். சுவர் ஒன்பது அடி, வெளியே ஐந்தடி அகலத் தாழ்வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூண் வரிசைக்கு வரும்போது கூரை ஆறடியில் இருக்கும். உள்ளே கூடம் பன்னிரண்டு அடி அகலம் என்றால் முகடு பன்னிரண்டரை அடியில் நிற்கும். உங்களுக்கு வேண்டிய உயரம் கிடைத்துவிட்டது, வாசலில் நிழலும் கிடைத்துவிட்டது. தாழ்வாரத் தரையைக் கூடத்தைவிட அரை அடி இறக்கிவிட்டால் தலையும் இடிக்காது. பழைய வீடுகளில் தாழ்வாரத்துக்கு ஒரு படி இறங்குவோமே, அது இதற்குத்தான்.

இதே சுவரைப் பதினோரு அடிக்கு ஏற்றினால் தூண் வரிசையில் எட்டடி வந்துவிடும். நான் செய்தது அதைத்தான். நாலு மணி வெயில் திண்ணையைத் தாண்டிக் கதவு வரை வந்தது. ஐப்பசி மழைச் சாரல் நிலைப்படியை நனைத்தது. மறு வருடம் மூங்கில் தட்டி வாங்கித் தொங்கவிட்டேன். தாழ்வாரம் என்று பெயரிலேயே தாழ்வை வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், எனக்குத்தான் உறைக்கவில்லை.

தட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே அலெக்சாண்ட்ரா பக்கம் உள்ள கறுப்பு வெள்ளை பங்களாக்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். வெள்ளைக்காரர்கள் இந்த வெக்கைக்குப் பயந்து கட்டியவை அவை. செங்கல் கால்களின் மேல் தூக்கிய தரை, சுற்றி அகலமான வராந்தா, இறக்கிவிட்ட மூங்கில் தட்டி, நன்றாக வெளியே நீண்ட கூரை. அந்தக் கூரை விளிம்பின் நிழல் சுவரில் எவ்வளவு தூரம் விழுகிறது என்று மட்டும் கவனியுங்கள். அப்புறம் தேக்காவில் கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் நடந்து பாருங்கள். வெயில் கொளுத்தும் மதியத்திலும் அதற்குள் நுழைந்ததும் ஒரு ஆசுவாசம் வரும். 1822ல் ராஃபிள்ஸ் நகரத் திட்டத்தில் கடைக்கு முன்னால் மூடிய நடைபாதை வேண்டும் என்று வைத்த விதியிலிருந்து வந்தது அது. உங்கள் திண்ணைக்கு ஐந்தடி போதுமா, ஆறடி வேண்டுமா என்ற கேள்விக்கு வரைபடத்தைவிட அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தால் நல்ல பதில் கிடைக்கும்.

சரி, கூரை. கான்கிரீட்டைச் சாய்வாக ஊற்றி அதன்மேல் ஓட்டை ஒட்டுவதுதான் இப்போது பழக்கம். உங்கள் ஒப்பந்தக்காரரும் அதைத்தான் மனதில் வைத்திருப்பார். பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் ராத்திரி உங்கள் மேல் இறக்கும். விரிசல் விட்டால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது, ஓடு மறைத்திருக்கும். ஓட்டுக் கூரை வேண்டும் என்றால் கைமரம், சட்டம், கீழே சீலிங் ஓடு, நடுவில் காற்று இடைவெளி, மேலே மங்களூர் ஓடு என்று உண்மையான கூரையாகவே போடுங்கள். கைமரத்துக்குத் தேக்கு கட்டுப்படியாகாவிட்டால் பெயின்ட் அடித்த இரும்புக் குழாய் போடலாம். நான் அதைத்தான் போட்டேன், சீலிங் ஓடு மறைத்துவிடுகிறது. பனங்கை வேண்டும் என்று ஆசைப்பட்டால் பழைய வீடு இடிக்கும் இடத்தில்தான் தேட வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், அப்படி இருப்பதும் நல்லதுதான்.

ஆனால் முழு வீட்டுக்கும் ஓடு போடாதீர்கள். வருடத்தில் நாற்பத்தொன்பது வாரம் பூட்டிக் கிடக்கப் போகிற வீடு இது. ஓட்டைப் பிரித்து இறங்குவது திருடனுக்குச் சுலபம், எலிக்கு அதைவிடச் சுலபம். நடுவில் இரண்டு அறைக்குத் தட்டைத் தளம் போட்டுவிட்டு, திண்ணை, கூடம், தாழ்வாரம், சமையலறை இவற்றுக்கு மட்டும் ஓடு போடுங்கள். இது நான் கண்டுபிடித்த சமரசம் கிடையாது. செட்டிநாட்டு வீடுகளிலேயே மெட்ராஸ் டெரஸ் தளமும் ஓட்டுச் சரிவும் ஒரே வீட்டில் சேர்ந்துதான் இருக்கும். தேக்கு உத்திரத்தின் மேல் அச்சுக்கல் என்னும் சின்னச் செங்கல்லைச் சாய்த்து வைத்துச் சுண்ணாம்பில் கட்டிய தளம் அது. இப்போது அதைக் கட்டத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும். அதற்குப் பதிலாக ஃபில்லர் ஸ்லாப் போடலாம். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் நிறையப் பயன்படுத்திய முறை. தளத்தின் அடிப்பாதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை, அங்கே பழைய ஓட்டைப் பதித்துவிடுவார்கள். சிமென்ட் குறையும், சூடு குறையும், அண்ணாந்து பார்த்தால் அப்பா வீட்டு ஓடு தெரியும். உங்கள் தம்பியோ யாரோ அந்த ஓடுகளை இன்னும் தூக்கிப் போடாமல் இருந்தால், இன்றைக்கே போன் செய்து அடுக்கி வைக்கச் சொல்லுங்கள். ஏசி போடுவதற்கும் இந்தத் தட்டைத் தள அறைதான் வசதி, ஓட்டுக்குக் கீழே குளிர் நிற்காது.

புயலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரையேறியபோது நான் உட்லண்ட்சில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லைன் கிடைக்க இரண்டு நாள் ஆனது. ஊர் போய்ப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. காற்று முதலில் விளிம்பு வரிசை ஓட்டைத்தான் கிளப்புகிறது, அது போனதும் மற்றதெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாகப் போய்விடுகிறது. மங்களூர் ஓட்டின் பின்பக்கம் ஒரு மூக்கும் அதில் ஒரு துளையும் இருக்கும். கம்பி போட்டுச் சட்டத்தோடு கட்டுவதற்காகவே வைத்தது அது. ஊரில் யாரும் கட்டுவதில்லை, நானும் கட்டவில்லை. இப்போது விளிம்பில் மூன்று வரிசை, முகட்டுப் பக்கம் இரண்டு வரிசை கட்டியிருக்கிறேன். அதைவிட முக்கியம், சுவரின் தலையில் சுற்றிலும் ஒரு பெல்ட் கான்கிரீட் ஊற்றி, அதில் போல்ட் வைத்துக் கைமரத்தை முடுக்க வேண்டும். பழைய வீடு சரிந்ததற்கு ஓட்டைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கூரையைச் சுவரோடு பிடித்துவைக்க எதுவுமே இல்லாததுதான் காரணம்.

அடுத்து முற்றம். கண்ணாடியை முதலில் வரைபடத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். முற்றத்தின் வேலை சூட்டுக் காற்றை மேலே அனுப்புவது. அதற்கு மூடி போட்டால் வீட்டு நடுவில் அடுப்பு வைத்த மாதிரிதான். இங்கே கடைவீடுகளின் நடுவில் வானம் பார்த்த திறப்பு ஒன்று இருக்கும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கடைவீட்டில் முன்பு இருந்தவர்கள் அதை பிளாஸ்டிக் தகட்டால் அடைத்திருந்தார்கள். மேல்மாடியில் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை. தகட்டைக் கழற்றிய அன்று மத்தியானமே வித்தியாசம் தெரிந்தது.

திருட்டுப் பயம், குரங்குப் பயம் இருந்தால் இரும்புக் கம்பி வலை போதும். மழையே உள்ளே வரக்கூடாது என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், கூரையைவிட ஒன்றரை அடி உயர்த்தி, நான்கு பக்கமும் காற்றுப் போக இடம் விட்டு ஒரு சின்னக் கூரை போடலாம். என் கட்சி திறந்த முற்றம்தான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. முதல் வருடம் நாங்கள் சிங்கப்பூரில் இருந்தபோது வேப்பிலை அடைத்துத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கூடம் வரை ஏறிவிட்டது. பத்தாயம் வைத்திருந்த மூலையில் மரம் ஊறி உப்பிப் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் இரண்டாவது தூம்பு வைத்தேன். முற்றத்துத் தரை தாழ்வாரத்தைவிட ஒன்பது அங்குலமாவது கீழே இருக்கட்டும், வெளியேறும் வழி இரண்டு இருக்கட்டும், ஒன்று தரையில், இன்னொன்று அதற்கு ஆறு அங்குலம் மேலே. பத்துக்குப் பத்து முற்றம் போதும்.

சுவருக்கு வருகிறேன். பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம் இருந்திருக்கும், மண்ணில் கட்டிச் சுண்ணாம்பு பூசியது. இப்போது அந்தக் கனத்துக்குச் செங்கல் வாங்கினால் வீட்டை அடமானம் வைக்க வேண்டியதுதான். எலிப்பொறிக் கட்டு என்று ஒரு முறை இருக்கிறது, இதுவும் பேக்கர் பரப்பியதுதான். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு ஒன்பது அங்குலச் சுவர் கட்டுவது. செங்கல் நாலில் ஒரு பங்கு மிச்சமாகும், நடுவில் உள்ள காற்று வெயிலைத் தடுக்கும். அடிவரிசையும் மேல்வரிசையும் மட்டும் இடைவெளி இல்லாமல் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கரையானுக்கு நாமே சுரங்கம் வெட்டிக் கொடுத்த மாதிரி. மேற்குச் சுவருக்கு மட்டுமாவது இதைச் செய்யுங்கள். கொத்தனார் முணுமுணுப்பார். முதல் நாள் பக்கத்தில் நின்று காபி வாங்கிக் கொடுத்தால் இரண்டாம் நாள் அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

பூச்சில் நான் கொஞ்சம் கண்டிப்பான ஆள். கடைவீடு வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்தது இதுதான். பழைய சுண்ணாம்புச் சுவரில் யாரோ பளபளப்பாக சிமென்ட் பூசிவிட்டுப் போயிருப்பார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக முடியாமல் உள்ளே தங்கும். சில வருடத்தில் பூச்சு உப்பி, தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வரும். சுண்ணாம்பு மூச்சு விடும், சிமென்ட் விடாது. உங்களுடையது புதுச் செங்கல் சுவர், அதனால் இந்த ஆபத்து குறைவு. வெளியே சிமென்ட் பூச்சு இருந்துவிட்டுப் போகட்டும். உள்ளே கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் மட்டும் சுண்ணாம்புப் பூச்சுக்குச் செலவு செய்யுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர், நீற்றி நாள்கணக்கில் ஊற வைத்த சுண்ணாம்பு, கடைசிக் கோட்டுக்கு முட்டையின் வெள்ளைக்கரு என்று செட்டிநாட்டில் செய்த வேலை அது. காரைக்குடிப் பக்கம் இன்னும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கோட்டும் காய நேரம் கேட்கும். நீங்கள் மூன்று வார விடுமுறையில் போய் முடித்துவிட்டு வர முடியாது. அவசரப்படுத்தினால் வெடிக்கும். இவ்வளவும் முடியாது என்றால் வெறும் சுண்ணாம்பு வெள்ளையடிப்பே போதும், பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் நல்லதுதான், ஆனால் உங்களுக்கு நான் காவித் தரையை, அதாவது சிவப்பு ஆக்சைடு கலந்து பூசும் சிமென்ட் தரையைச் சொல்வேன். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றி, தண்ணீரில் ஊற வைத்து எடுப்பது. ஆள் நடக்க நடக்க, துடைக்கத் துடைக்கத்தான் பளபளப்பு ஏறும். வருடம் முழுக்கப் பூட்டியிருந்தால் மங்கிப்போகும். போய்க் கதவைத் திறந்ததும் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். எட்டு வருடம் கழித்து நிரந்தரமாகப் போகும்போது கூடத்துக்கு மட்டும் பதித்துக்கொள்ளுங்கள்.

தூண் விஷயம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். காரைக்குடிக் கடைகளில் நிற்கும் பர்மா தேக்குத் தூண்கள் எல்லாம் யாரோ ஒருவர் வீட்டை இடித்து எடுத்தவை. இங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கியில் பெட்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து கணக்கெழுதிச் சம்பாதித்த பணமும் அந்த வீடுகளில் இருக்கிறது, அதனால் சிங்கப்பூரில் இருந்துகொண்டு அவற்றைத் துண்டு துண்டாக வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. இது என் சொந்தக் கருத்து, விட்டுவிடுங்கள். அளவுக் கணக்கிலும் அது ஒத்துவராது. அந்தத் தூண்கள் பெரிய வளவுக்கு, அதாவது செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தைச் சுற்றிய கட்டுக்கு அறுத்தவை. ஆறடித் தாழ்வாரத்துக்குள் வைக்க வேண்டுமானால் அடியையோ தலையையோ வெட்ட வேண்டும், அல்லது தூணுக்காகக் கூரையை உயர்த்த வேண்டும். உங்கள் ஒப்பந்தக்காரரின் 12 அடி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? மன்னார்குடிப் பக்கத்து வேளாண் வீட்டில் அந்தத் தூண் என்றைக்கும் இருந்ததும் இல்லை. அங்கே இருந்தது மெலிந்த மரக்கால், கீழே ஒரு கல். அது போதும். ஊர்த் தச்சரிடம் வேம்பிலோ பலாவிலோ செய்யச் சொல்லுங்கள். மிச்சமாகும் பணத்தை வாசற்கதவுக்கும் நிலைக்கும் போடுங்கள். தினமும் கை படுவது அதில்தான்.

இனி அளவு. 2,800 சதுர அடி யாருக்கு? உங்கள் அப்பாவின் வீடு ஒரே நாளில் அந்த அளவுக்கு வந்திருக்காது. முதலில் ஒரு கூடமும் ஒரு அறையும் இருந்திருக்கும். மாடு வந்ததும் கொட்டில் ஒன்று சாய்த்தார்கள். நெல் கூடியதும் பத்தாயத்துக்கு இடம் விட்டார்கள். பெரியவனுக்குக் கல்யாணம் என்றதும் பக்கத்தில் ஒரு அறை எழும்பியது. அதனால்தான் கூரை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, கோழிக்குஞ்சுகள் அணைந்த மாதிரி இறங்கி வரும். ஒரே பெட்டியாக 2,800 அடி கட்டிவிட்டு எலிவேஷனில், அதாவது முன்முகப்பில் மட்டும் பழைய வீடு காட்டினால் அந்த அடுக்கு வராது. ஆயிரத்து இருநூறு அடியில் தொடங்குங்கள். திண்ணை, கூடம், முற்றம், இரண்டு அறை, கொல்லைப்பக்கம் சமையலறை. குளியலறைகளைக் கொல்லைப்பக்கம் ஒரு தனிக்கட்டாக வைத்து, தட்டைத் தளம் போட்டு, தண்ணீர்த் தொட்டியை அதன் தலையில் வையுங்கள், தெருவிலிருந்து தெரியாது. நடுவில் மூடிய நடை இருக்கட்டும், ராத்திரி நனையாமல் போகலாம். மாடி வேண்டாம். எட்டு வருடத்தில் உங்களுக்கும் மூட்டு வலிக்கும்.

நிலத்தில் ஒரு எச்சரிக்கை. பட்டாவில் கிராம நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம் என்று இருந்தால் கவலை குறைவு. நஞ்சை, புஞ்சை என்று இருந்தால் வீடு கட்டுமுன் அதற்குரிய அனுமதியை வாங்கிவிடுங்கள். பக்கத்து வயல் விலைக்கு வருகிறது, சேர்த்து வாங்கித் தோட்டம் போடலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கே நிரந்தரவாசியாக இருப்பவரோ, ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருக்கும் சிங்கப்பூர்க் குடியுரிமைக்காரரோ இந்தியாவில் விவசாய நிலமும் தோட்ட நிலமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க முடியாது. அந்நியச் செலாவணிச் சட்டம் தடுக்கிறது. அப்பா வழியில் வாரிசாக வருவதற்குத் தடை இல்லை. உறவினர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனையும் கூடவே வரும். அதற்கு நான் பதில் சொல்லவே வேண்டியதில்லை, நம்மில் பாதிப் பேர் வீட்டில் அந்தக் கதை இருக்கிறது.

பிள்ளைகளுக்கு இங்கே பள்ளி விடுமுறை நவம்பர் பாதிக்கு மேல் தொடங்கிவிடும். அப்போது ஊரில் அடைமழை. இந்தத் தடவை அந்த நேரத்திலேயே போங்கள். ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் எதுவும் கொடுக்காமல், மனையில் கயிறு கட்டிச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுங்கள், திண்ணை இங்கே, முற்றம் இங்கே என்று. ஒரு பெருமழைக்குக் குடையோடு போய் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். மழை விட்ட ஒரு நாள் நாலு மணிக்குத் திண்ணைக் கோட்டுக்குள் நாற்காலி போட்டு உட்காருங்கள். மூங்கில் ஒன்றை ஆறடியில் குறுக்கே கட்டி, அதன் மேல் ஒரு வேட்டியைச் சாய்வாகப் போட்டால் வெயில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு அதே மூங்கிலை எட்டடிக்கு ஏற்றிப் பாருங்கள். எந்த உயரம் என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்த பிறகு வரைபடத்தைத் திரும்பப் போடச் சொல்லலாம்.